கை நனைக்காத வீடு

புதன்கிழமை என்றால் காலையில் பாலேந்திரனின் வெள்ளை வான் வந்து வீட்டுக்குக் கீழே நிற்கும். சிவகலாவின் புருஷனுக்கு அண்ணன், சுவிஸின் ஆராவ் நகரில் தமிழ்க் கடை வைத்திருக்கிற மனிதர். ஒரு சாக்கு அரிசி, ஒரு பை மரக்கறி, ஐஸில் வைத்த மீன் என்று எதையாவது தூக்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் படியேறி வருவார். வாசலில் இறக்கி வைத்துவிட்டு, மூச்சு வாங்கியபடியே எப்போதும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்.

"போன கிழமை மீன் எப்பிடி? தம்பி சாப்பிட்டவனோ?"

"ஓம் அத்தான்."

"நல்லாச் சாப்பிட்டவனோ?"

"ஓம்."

அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வருகிற சந்தோஷம் சிவகலாவுக்குப் பிடிப்பதில்லை. தம்பியின் வயிறு நிறைந்ததற்கு வருகிற சந்தோஷமாக அது அவளுக்குத் தெரிவதில்லை. கடுதாசி விளையாட்டில் துரும்புச் சீட்டை ஒளித்து வைத்திருக்கிறவனின் முகம் அது. ஆனாலும் அவள் சாக்கை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவாள். அரிசியைப் பெரிய பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, கடையின் பெயர் போட்ட சாக்கைச் சுருட்டித் தன் கைப்பைக்குள் வைப்பாள். அதை வேலைக்குக் கொண்டுபோய் அங்கே குப்பையில் போட்டுவிடுவாள். அவள் வேலை செய்வது ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில். அங்கே நாள் முழுக்கப் போர்வை மடிக்கிற கைக்கு ஒரு சாக்கை மறைப்பது பெரிய வேலையில்லை.

ஏழு வருசமாக இதுதான் நடக்கிறது. இந்த ஏழு வருசமும் அவளுடைய புருஷன் தவராஜா, அண்ணன் வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்ற சபதத்தோடு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார்.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. பகைத்த வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை. செத்த வீட்டுக்குப் போவோம், பாடையையும் தூக்குவோம், ஆனால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டோம். காணி வழக்குக்கும் அதுதான், சீதனச் சண்டைக்கும் அதுதான். சுவிஸுக்கு வந்து சிவப்புக் கடவுச்சீட்டு எடுத்தாலும் இந்தக் குணத்தை மட்டும் ஒருவரும் எல்லையில் இறக்கி வைத்துவிட்டு வந்ததாகத் தெரியவில்லை.

இவர்களுடைய பகை இரண்டாயிரத்து ஒன்பதில் தொடங்கியது. அந்த வசந்தகாலம் முழுக்கத் தவராஜா பேர்ணிலும் ஜெனீவாவிலும் வீதியில் நின்றார். வன்னியில் சனம் செத்துக்கொண்டிருக்கும்போது உருளைக்கிழங்கு உரிக்கச் சொல்லுகிறாயோ என்று உணவகத்து முதலாளியோடு சண்டை பிடித்தார். முதலாளி வேலையிலிருந்து நிறுத்திவிட்டான். மே மாதம் எல்லாம் முடிந்த அடுத்த நாள், கதைக்க வேறு இடமில்லாமல் ஆண்கள் எல்லோரும் பாலேந்திரனின் கடையில் வந்து நின்றார்கள். பாலேந்திரன்தான் முதலில் சொன்னார்.

"முடிஞ்சுது. இனி உயிரோட இருக்கிற சனத்துக்கு என்ன செய்யலாம் எண்டு பாப்பம்."

அதில் என்ன பிழை என்று சிவகலா இன்றைக்கும் யோசிப்பாள். பிழை சொல்லில் இல்லை, சொன்ன நாளில் இருந்தது. தவராஜா அண்ணனைப் பார்த்துத் துரோகி என்றார். அத்தனை பேருக்கும் முன்னால், தன்னைத் தோளில் தூக்கி வளர்த்தவனைப் பார்த்துச் சொன்னார். பிறகு பாலேந்திரன் வியாபாரிகள் சிலரோடு சேர்ந்து கொழும்புக்குப் போய், அங்கே அதிகாரிகளோடு ஒரே மேசையில் இருந்து சாப்பிட்ட படம் ஊருக்கெல்லாம் சுற்றி வந்தது. தவராஜாவுக்கு அது காணும், வேறு சாட்சி தேவைப்படவில்லை. அவங்களோடு இருந்து சாப்பிட்ட கையால் பரிமாறுகிற வீட்டில் தான் கை நனைத்தால், தான் தன் அப்பருக்குப் பிறக்கவில்லை என்று கோயில் வீதியில் நின்று சொன்னார். பாலேந்திரன் திருப்பி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெரிய மனுசன், பொறுத்துப் போகிறான் என்று சனம் மெச்சியது.

ஆனால் வேலை போன அந்த மாதங்களில் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியிருந்தது. தவராஜா அறையைப் பூட்டிக்கொண்டு தொலைக்காட்சியையும் சுவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் மதுஜாவுக்கு அப்போது பதினொரு வயது. ஒருநாள் பாலேந்திரன் சாக்கோடு வந்து நின்றபோது சிவகலா வாங்கிவிட்டாள். வேலை கிடைக்கும்வரைக்கும் என்று நினைத்தாள். தவராஜாவுக்கு லென்ஸ்பூர்க்கில் வேறு சமையலறையில் வேலை கிடைத்த பிறகும் சாக்கு வந்தது. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு நா எழவில்லை. ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கும் நடுவில் மிச்சமிருக்கிற ஒரே நூல் அது என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். உண்மையைச் சொன்னால், வருகிறதை வாங்கிப் பழகிவிட்டது. அவ்வளவுதான்.

அந்த அரிசியும் லேசுப்பட்ட அரிசியில்லை. மொட்டைக்கறுப்பன், யாழ்ப்பாணத்து வயலில் விளைகிற சிவப்பரிசி. தவராஜா அதைப் பிசைந்து மீன் குழம்போடு சாப்பிடுகிறபோது, இதை எங்கே பிடித்தாய் என்று கேட்பார். சூரிச்சில் ஒரு கடை என்பாள், அந்தப் பொய் பாலேந்திரனுக்கும் தெரியும். அந்தக் கடைக்காரன் நல்லாயிருக்க வேணும் என்று வாழ்த்திக்கொண்டே இன்னும் போடச் சொல்லுவார்.

மதுஜா இப்போது மாநில அரசின் கன்ரோன் பள்ளிக்கூடத்தில் கடைசி வருசம். ஸ்பானிய மொழியைச் சிறப்புப் பாடமாக எடுத்தவள். படிப்பை முடிக்கிற பிள்ளைகள் ஆளுக்கொரு ஆய்வு எழுதி, எல்லோருக்கும் முன்னால் மேடையில் பேச வேண்டும். அவள் எடுத்த விஷயத்தைக் கேட்டு முதலில் சிவகலாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மெக்சிக்கோவின் வடக்கில், கள்ளியும் கல்லும் நிறைந்த வறண்ட நிலத்தில் வாழ்ந்த சக்காத்தேக்கோ என்ற குடிகள். அவர்களையும் அக்கம்பக்கத்துக் குடிகளையும் சேர்த்துச் சிச்சிமேக்கா என்று சொல்லுவார்களாம். அதுகூட மற்றவர்கள் வைத்த பேர்தான், மதிப்பான பேருமில்லை என்றாள் மதுஜா.

இரவுச் சாப்பாட்டில் அவள் எழுதியதைத் தமிழில் சொல்லுவாள். ஸ்பானியர்கள் அந்த மலையில் வெள்ளி கண்டார்கள். வெள்ளி ஏற்றிப் போக வண்டிப் பாதை போட்டார்கள், அது அந்தச் சனத்தின் வேட்டை நிலத்தை நடுவால் பிளந்தது. பிடிபட்டவர்களைச் சுரங்கத்துக்கு அடிமையாக விற்றார்கள். சனம் வில்லை எடுத்தது. அவர்களுடைய அம்பு இரும்புச் சட்டையையும் துளைத்துப் போகும். அவர்களுக்கு அரசனில்லை, பட்டணமில்லை, பிடித்து முறிக்க ஒரு தலையுமில்லை. நாகதாளிக் கள்ளியின் பழமும் முயலும் தின்று, பாறைக்குள் மறைந்து, குதிரையைப் பறித்து அதிலேயே ஏறித் திருப்பி அடித்தார்கள். நெருப்பாலும் இரத்தத்தாலும் போர் செய்வோம் என்று சொல்லிக்கொண்டு வந்த ஸ்பானியனால் நாற்பது வருசம் அவர்களை அடக்க முடியவில்லை.

தவராஜாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைச் சிவகலா பார்த்து வருசக்கணக்கு.

"நாப்பது வருசமோ?" என்றார்.

"ஓம் அப்பா."

"ஆரும் உதவி செய்யேல்லையோ?"

"இல்லை. அவை தனியத்தான் நிண்டவை."

அன்றிலிருந்து சக்காத்தேக்கோக்கள் தவராஜாவின் சொந்தக்காரர் ஆகிவிட்டார்கள். உணவகத்தில் கூட வேலை செய்த ஸ்பெயின்காரனிடம் போய், உங்கட ஆக்களுக்கு நாற்பது வருசம் முடியாமல் போச்சாம் என்று சொல்லி, அந்த அப்பாவியோடு ஒரு கிழமை முறுகிக்கொண்டார். நாகதாளி எங்கள் ஊர் வேலியிலும் இருந்தது என்பதே அவருக்கு ஒரு பெரிய சாட்சியாகிவிட்டது. தெற்கிலிருந்து வேறு குடிகளைக் கொண்டுவந்து அந்த நிலத்தில் இருத்தினார்கள் என்று மதுஜா ஒருநாள் தொடங்கியபோது, இது எங்கட ஊரில நடந்த குடியேற்றம்தான் என்று மேசையில் ஓங்கி அடித்தார். அடித்த வேகத்தில் ரசம் சிந்தியது. எழும்பிப் போய்த் தமிழ்ச் சங்கத்து ஆட்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து, மகள் மேடையில் பேசப்போகிறாள், எல்லோரும் வர வேணும் என்று அழைத்தார்.

"அப்பா, கதை இன்னும் முடியேல்லை," என்றாள் மதுஜா.

"மிச்சத்தை மேடையில கேப்பம். இதுவே காணும்."

சிவகலா அடுப்படியில் நின்றாள். மகள் தன்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் என்னவோ இருந்தது. போன வருசம் ஒரு புதன்கிழமை, சாக்கின் ஒரு நுனியைப் பிடித்து உள்ளே இழுக்க உதவியபோது இவள் கேட்டிருந்தாள், அம்மா, பெரியப்பா ஏன் இதைத் தாறார் என்று. பாசத்தில்தான் என்று சிவகலா சொல்லியிருந்தாள். மதுஜா அதை நம்பின மாதிரித் தெரியவில்லை. விஷயம் வெளியில் வந்தால் தவராஜா இந்த வீட்டில் இருக்க மாட்டார், அல்லது தன்னை இருக்க விடமாட்டார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நவம்பரில் ஆரே ஆற்றிலிருந்து எழும்புகிற பனிப்புகார் நகரத்தை மூடிவிடும். சூரியனைக் கண்டு பத்து நாளான ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் பள்ளிக்கூட மண்டபம் நிறைந்திருந்தது. தவராஜா கோட்டுப் போட்டு, சங்கத்துப் பத்மநாதனும் இன்னும் நாலைந்து பேரும் சூழ முன்வரிசையில் இருந்தார். சிவகலா திரும்பிப் பார்த்தபோது கடைசி வரிசையில் பாலேந்திரன் இருந்தார். மதுஜாதான் அழைத்திருக்கிறாள். பெரியப்பாவையும் கூப்பிடுவதுதானே முறை என்று இந்த நாட்டில் பிறந்த பிள்ளை நினைத்திருக்கும். முறைக்கும் பகைக்கும் உள்ள தூரம் அதுகளுக்கு விளங்காது.

மதுஜா ஜெர்மனில் பேசினாள். முதல் பாதி முழுக்கத் தவராஜா பக்கத்தில் இருந்தவர்களுக்கு மெதுவாகத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்பது வருசம் என்ற இடத்தில் பத்மநாதன் தலையை ஆட்டினார். பிறகு திரையில் படம் மாறியது. மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. தவராஜாவின் மொழிபெயர்ப்பு மெல்ல மெல்லக் குறைந்து, ஒரு இடத்தில் நின்றே போனது.

சிவகலாவின் ஜெர்மன் சலவைக்கூடத்து ஜெர்மன். ஆனால் மகள் சொன்ன சொற்கள் அவளுக்கு நன்றாகத் தெரிந்த சொற்கள். சோளம். இறைச்சி. உடுப்பு. போர்வை. போரால் வெல்ல முடியாது என்று கண்ட ஸ்பானியன், போருக்குச் செலவழித்ததை எடுத்துச் சாப்பாடு வாங்கினான். தாய் வழியில் சிச்சிமேக்கா இரத்தம் ஓடிய ஒரு படைக் கப்பித்தானை விட்டே பேச வைத்தான். மலையிலிருந்து இறங்கி வாருங்கள், இருக்க இடமும் தின்ன இறைச்சியும் போர்க்கப் போர்வையும் தருகிறோம் என்றான். பஞ்சத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தன. சனம் கூட்டம் கூட்டமாக இறங்கி வந்தது. வண்டி வந்துகொண்டேயிருந்தது, வருசக்கணக்காக. பேரப்பிள்ளைகளின் காலத்தில் வேட்டை மறந்தது, பிறகு மொழியும் மறந்தது. இன்றைக்குச் சக்காத்தேக்கோ மொழி பேச உலகத்தில் ஒருவருமில்லை.

"அவர்கள் சண்டையில் தோற்கவில்லை," என்று முடித்தாள் மதுஜா. "சாப்பிட்டு முடித்தபோதுதான் தோற்றிருந்தார்கள்." தகப்பனின் ஆட்கள் வந்திருக்கிறார்கள் என்று கடைசி வரியை மட்டும் தமிழிலும் சொன்னாள்.

ஒரு ஆசிரியர் எழும்பி, கொடுத்தவர்களோடு அவர்கள் சேர்ந்து இருந்து சாப்பிட்டார்களா என்று கேட்டார். தான் வாசித்தவற்றில் அப்படி ஒன்றும் காணவில்லை, வண்டியில் வந்ததைப் பங்குபோட்டுக் கொடுத்ததைப் பற்றித்தான் இருக்கிறது என்றாள் மதுஜா. அந்தச் சனம் அதைத் தானமாக நினைத்ததா, தங்களுக்குப் பயந்து எதிரி கட்டுகிற திறையாக நினைத்ததா என்பதும் சரியாகத் தெரியாது, திறை என்று நினைத்திருக்கவும் கூடும் என்றாள். சனம் கைதட்டியது.

பிறகு வெளியில் மேசை போட்டு, வைனும் பாணும் சீஸ் துண்டும் வைத்திருந்தார்கள். தவராஜா ஒன்றையும் தொடாமல் நின்றார். மகள் தன்னைக் கேலி செய்தாளா, பாராட்டினாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அந்த நேரம் பார்த்துப் பாலேந்திரன் பக்கத்தில் வந்தார். ஏழு வருசத்துக்குப் பிறகு அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரு முழ இடைவெளியில் நின்றார்கள்.

"கெட்டிக்காரப் பிள்ளை," என்றார் பாலேந்திரன். "விஷயத்தைச் சரியாப் பிடிச்சிருக்கிறாள்."

தவராஜா பத்மநாதனைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "துரோகியளோட எனக்குக் கதை இல்லை."

"கதைக்க வேண்டாம். சாப்பிடுறாய்தானே."

"என்ன?"

"மொட்டைக்கறுப்பன் எப்பிடி? சூரிச் கடையெண்டோ உன்ர மனுசி சொன்னவ?" பாலேந்திரன் சிரித்தார். "ஏழு வருசமா என்ர அரிசி, என்ர மீன். ஒரு கிழமையும் தவறேல்லை. நீ ரோட்டில நிண்டு என்னைத் துரோகி எண்டு கத்திப்போட்டு வீட்டை போய் என்ர சோத்தைத்தான் திண்டனீ."

பத்மநாதன் வைன் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தவராஜா சிவகலாவைப் பார்த்தார். அவள் தலை தானாகக் குனிந்துவிட்டது. அதுவே போதுமான பதிலாக இருந்தது.

அடுத்த நாள் காலையில் தவராஜா அடுப்படிக்குள் வந்து அரிசி வாளியைத் தூக்கினார். ஜன்னலுக்குக் கொண்டுபோனார். மூன்றாம் மாடியில் நின்று வாளியை அணைத்துப் பிடித்துக்கொண்டு கீழே புகாரைப் பார்த்தார். சோற்றைக் கொட்டுவது எங்கள் ஆட்களுக்கு லேசில் வருகிற காரியமில்லை. பட்டினி பார்த்த சனம். அந்த நேரம்வரைக்கும் பயந்து பயந்து நின்ற சிவகலாவுக்கு, அவர் கொட்டத் தயங்குவதைக் கண்டதும் பயம் போய்க் கோபம் வந்துவிட்டது.

"கொட்டுங்கோ," என்றாள். "ஏன் நிக்கிறியள்? கொட்டிப்போட்டு, ஏழு வருசமா உடம்பில ஊறினதையும் சேத்துக் கொட்டுங்கோ."

"நீ என்னை விலைக்கு வித்துப்போட்டாய் கலா."

"நீங்கள் அறையைப் பூட்டிக்கொண்டு கிடந்தியள். பிள்ளை பசி எண்டு கதவில தட்டினது உங்களுக்குக் கேட்டதோ? எனக்குக் கேட்டது."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்தானே."

"சொன்னால் பட்டினி கிடக்கச் சொல்லியிருப்பியள். நீங்களும் கிடந்திருப்பியள். அவளும் கிடந்திருப்பாள்."

மதுஜா வாசலில் நின்று, தான் யாரையும் நினைத்து எழுதவில்லை, அது நானூறு வருசத்துக்கு முந்தின சனத்தின் கதை என்றாள். தவராஜா வாளியை மெதுவாகக் கீழே வைத்தார். மகளிடம் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இறங்கி வராத ஆக்கள் என்ன ஆனவை?"

"கொஞ்சப் பேர் இன்னும் உள்ளுக்கை மலைக்குப் போனவை. பிறகு அவையைப் பற்றி ஒருத்தரும் எழுதேல்லை அப்பா."

அன்றிலிருந்து தவராஜா வீட்டில் சாப்பிடுவதை விட்டார். உணவகத்தில் வேலையாட்களுக்குக் கொடுக்கிறதைச் சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாளில், ஒரு சட்டியில் நாலு உருளைக்கிழங்கைத் தோலோடு அவித்து, உப்பைத் தொட்டு, நின்றபடியே தின்றார். சிவகலா வைத்த தண்ணீரைக்கூடத் தொடவில்லை, குழாயைத் திறந்து கையில் ஏந்திக் குடித்தார். இருபது வருசம் குடும்பம் நடத்திய தன் வீடும் இப்போது அவருக்குக் கை நனைக்காத வீடாகிவிட்டது. ஒரே கூரைக்குக் கீழே அந்த நாட்களில் ஓடிய வெறுப்பை என்ன சொல்ல. கரண்டி தட்டில் படுகிற சத்தம்கூட ஆளை ஆள் ஏசுகிற மாதிரி இருந்தது. மதுஜா படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சிநேகிதி வீட்டிலேயே கிடந்தாள். சிவகலா அழவில்லை. அழுகிற கட்டத்தை அவள் தாண்டியிருந்தாள். இரண்டு ஆண்பிள்ளைகளும் தன்னை வைத்துத்தான் இந்தச் சண்டையை இத்தனை நாளும் நடத்தினார்கள் என்பது அவளுக்கு இப்போதுதான் முழுதாக விளங்கியது. வண்டிமாடு மாதிரிச் சுமந்தவள் அவள்தான்.

புதன்கிழமை வந்தது. தவராஜா காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் அறையில் படுத்திருந்தார், கதவு சாத்தியிருந்தது. சிவகலா விடியவே எழும்பி, வாளியில் மிச்சமிருந்த அரிசி முழுவதையும் போட்டுச் சோறாக்கினாள். உறைபெட்டியில் மிச்சமிருந்த விளைமீனில் குழம்பும், கத்தரிக்காய்ப் பால்கறியும், சம்பலும் வைத்தாள். மேசையில் ஒரு சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றைப் போட்டு, கறிகளைச் சுற்றி வைத்து, பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீரும் வைத்தாள்.

இனி வரமாட்டார் என்றுதான் பாதி நினைத்திருந்தாள். ஆனால் வழக்கமான நேரத்துக்கு வான் வந்து நின்றது. பாலேந்திரன் சாக்கோடு படியேறி வந்து அதை வாசலில் இறக்கினார். முகத்தில் வெற்றி இருந்தது.

"என்ன சொல்லுறான் தம்பி?" என்றார்.

"உள்ளுக்கை வாங்கோ அத்தான்."

"இல்லை, வான் கீழை நிக்குது."

"நிக்கட்டும். ஏழு வருசமா வாசலோட போறியள். இண்டைக்கு இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்கோ. உங்கட அரிசிதான், உங்கட மீன்தான். நான் சமைச்சது மட்டும்தான் என்ர."

பாலேந்திரன் மேசையைப் பார்த்தார். ஆவி பறக்கிற சோற்றைப் பார்த்தார். அவருடைய கால் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றது.

"நான் சாப்பிட்டுட்டன்."

"அப்ப தண்ணியாவது குடியுங்கோ. மூண்டு மாடி ஏறி வந்தனியள்."

அவர் குடிக்கவில்லை. அப்போதுதான் சிவகலாவுக்கு நினைவு வந்தது. ஏழு வருசத்தில் எத்தனை தரம் வியர்த்து விறுவிறுத்து இந்த வாசலில் நின்றிருக்கிறார், எத்தனை தரம் தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டிருக்கிறாள். ஒரு தரமும் வாங்கியதில்லை. அவசரம் என்று நினைத்திருந்தாள். மடைச்சி.

"ஏன் அத்தான்?"

பாலேந்திரனின் முகத்திலிருந்த பெரிய மனுசத்தனம் கழன்றுபோனது. உள்ளே யாருக்கும் கேட்குமா என்றுகூட யோசிக்காமல் சொன்னார்.

"என்ர கடையில வைச்சு, அத்தனை பேருக்கு முன்னால, அவன் என்னைத் துரோகி எண்டவன். அந்த வாய்க்குள்ள கிழமைக்குக் கிழமை என்ர சோறு போகோணும். அதுக்குத்தான் கொண்டு வந்தனான். அவன்ர வீட்டுத் தண்ணி என்ர வாய்க்குள்ள போகாது. நான் சாகும்வரைக்கும் போகாது."

இரண்டு பேருக்கும் நடுவில் நூல் என்று தான் நினைத்தது நூலே இல்லை என்று சிவகலாவுக்குத் தெரிந்தது. சாக்கின் நுனியைப் பிடித்து அவருடைய காலடிக்குத் தள்ளினாள்.

"பிள்ளை சொன்னவள்தானே, அந்தச் சனம் அதைத் திறை எண்டு நினைச்சிருக்கலாமாம். ஏழு வருசமா நீங்கள் கட்டின திறை காணும் அத்தான். இனிக் கொண்டு வராதேங்கோ. கொண்டு வந்தால் படியால உருட்டி விடுவன்."

கதவைச் சாத்தினாள். சாக்கை இழுத்துக்கொண்டு அவர் படியிறங்குகிற சத்தம் ஒவ்வொரு படியாகக் கேட்டது. வான் கிளம்பிப் போன பிறகுதான் அவள் திரும்பினாள்.

தவராஜா அறை வாசலில் நின்றார். போர்வையைத் தோளில் போட்டிருந்தார். மேசையிலிருந்த கோப்பையைப் பார்த்தார்.

"அவன் தொடேல்லையோ?"

"இல்லை."

"தண்ணி?"

"அதுவும் இல்லை. ஏழு வருசமா இல்லை."

தவராஜா கதிரையை இழுத்து அந்தக் கோப்பைக்கு முன்னால் இருந்தார். பிறகு அவருடைய முகத்தில் அந்த வெளிச்சம் திரும்ப வந்தது. மகள் நாற்பது வருசக் கதையைச் சொன்ன இரவில் வந்த அதே வெளிச்சம்.

"முடிஞ்சுது எண்டு முதல்ல சொன்னவன்," என்றார். "அவன் இன்னும் சண்டையிலதான் நிக்கிறான் கலா."

கையைக் கழுவிக்கொண்டு வந்து சோற்றைப் பிசைந்தார். அண்ணனுக்கு வைத்த சோற்றை, அண்ணனின் மீனோடு, பசியெடுத்த பிள்ளை மாதிரி வாரி வாரிச் சாப்பிட்டார். எதிரி தன்னை இன்னும் மறக்கவில்லை என்பதில் ஒரு மனுசனுக்கு இவ்வளவு சந்தோஷம் இருக்குமென்று சிவகலா அன்றைக்குத்தான் கண்டாள். அவளுக்கு இரண்டு பேர் மேலும் ஒரே மாதிரி அருவருப்பாக இருந்தது.

"இன்னும் கொஞ்சம் போடு," என்றார் தவராஜா. சனிக்கிழமைக்குப் பிறகு அவளிடம் அவர் சோறு கேட்டது அதுதான் முதல் தரம்.

அவள் பானையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் வைத்தாள். பிறகு ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"நீ சாப்பிடேல்லையோ?" என்று வாய் நிறையச் சோற்றோடு கேட்டார்.

"நான் இந்த வீட்டில கை நனைக்கிறேல்லை," என்று சொல்லிவிட்டு, சிவகலா கதவைத் திறந்து வேலைக்குப் போனாள்.